சங்கடம்

'சங்கடம்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு நாம் மறந்துவிட்ட ஒரு பொருள் உண்டு. இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து மேலே பலகை பரப்பிக் கட்டிய படகு. பழைய அகராதிகளில் இன்னும் இருக்கிறது. மலையாளத்தில் அது சங்ஙாடம். போர்த்துகீசியர் வாயில் ஜங்காடா. கேரளக் காயல்களில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு ஜங்கார். கொங்கணக் கரையில் இதே மாதிரிப் படகை ஜங்கல் என்கிறார்கள். அதுவும் இந்தச் சொல்லின் திரிபு என்றே எனக்குப் படுகிறது. படகைக் குறிக்கும் சங்கடமும் மனத்தைக் குறிக்கும் சங்கடமும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அதை மொழியியலாளர்கள் தீர்மானிக்கட்டும். கொங்கணக் கரையில் ஒரு மாலை நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகிப் போயின. அந்த மாலையைப் பற்றியும், அது கிளப்பிய கேள்வியைப் பற்றியும்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மும்பையிலிருந்து ரத்னகிரி போக நேரான வழி ஒன்று உண்டு. கோவா நெடுஞ்சாலை. அது கடலை விட்டு உள்ளே தள்ளி, ஆறுகள் குறுகியிருக்கும் இடங்களில் பாலம் போட்டுக் கடந்து போகிறது. கடலை ஒட்டிப் போக வேண்டுமென்றால் கதை வேறு. சஹ்யாத்ரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஆறும் கடலைத் தொடுமுன் அகன்று கழிமுகமாகிவிடுகிறது. சாலை நீர் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். அங்கே ஒரு சாய்தளம், ஒரு டிக்கெட் கூண்டு, ஒரு டீக்கடை. படகு வரும் வரை நிற்க வேண்டும். நாங்கள் நாலு பேர் ஒரு வாடகை வேனில் போனோம். மும்பையில் பாவுச்சா தக்காவில் வேனோடு கப்பலேறி மாண்ட்வாவில் இறங்கியது முதல் கடவை. முருடைத் தாண்டி அகர்தண்டாவிலிருந்து திகி. ஜஞ்சிராக் கோட்டை கடலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஹரிஹரேஷ்வருக்குத் தெற்கே பாக்மண்ட்லாவிலிருந்து ஸாவித்ரி ஆற்றின் வாயைக் கடந்து வேஷ்வி. பாமினி சுல்தான்களின் காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்து இன்று கிராமமாகிவிட்ட தாபோலில், வாசிஷ்டியைக் கடந்து தோபாவே. கடைசியாக, தவ்ஸாலிலிருந்து ஜெய்கட். ஐந்து கடவைகள்.

எங்களில் ஒருவர் கவிஞர். அவருடைய பிரயாணத் தத்துவம் எளிமையானது. நெடுஞ்சாலை மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வீசுகிறது; இடைப்பட்டது எதுவும் அவனுக்கு அனுபவமாவதில்லை. படகுத்துறையோ அவனைப் பிடித்து நிறுத்துகிறது. நிற்பதனால் அவன் பார்க்கத் தொடங்குகிறான். காத்திருத்தல் என்பதே பிரக்ஞையின் முதல் நிலை. இப்படியே போகும். நான் இதைக் கேலி செய்யவில்லை. நம்மில் பலர் இதையே வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறோம். தோணிக்காரன், அக்கரை, சாயங்கால வெளிச்சம் - இவை இல்லாமல் கவிதைத் தொகுதி போட்டவர்கள் நம்மிடையே குறைவு. நானும் விதிவிலக்கல்ல.

திகியில் இறங்கும்போது கவிஞர் சொன்னார்: "பாலம் வந்துட்டா இதெல்லாம் போயிடும்."

வேன் ஓட்டி வந்தவருக்குத் தமிழ் தெரியாது. 'புல்' என்று இந்தியிலும் ஒரு முறை சொன்னதால் விஷயம் புரிந்துவிட்டது. அவர் திரும்பாமலே சொன்னார்: "எங்க வீடு தாபோலுக்கு அந்தப் பக்கம், சாஹேப். பாலம் இருந்தா நான் ராத்திரியும் வீட்டுக்குப் போகலாம்."

இதற்குப் பதில் கிடையாது. கவிஞரும் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்டு வெட்கப்பட்டதோடு விட்டுவிடுவதும் சரியில்லை என்று நினைக்கிறேன். வெட்கம் சுலபமானது, அது அடுத்த டீக்கடையில் தீர்ந்துவிடும். கேள்வியை அதன் முழு வடிவில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொருவனுக்கு இடைஞ்சலாக இருப்பதை நான் அழகாக அனுபவிக்க எனக்கு உரிமை உண்டா? அழகு பொய்யல்ல, ஓரளவு காத்திருத்தலிலிருந்துதான் அது பிறக்கிறது. ஆனால் காத்திருத்தல் எனக்கு ஒரு நாள் சமாசாரம். அவருக்கு ஆயுள். எனக்கு வேண்டாமென்றால் நெடுஞ்சாலை இருக்கிறது. விலக வழியுள்ளவனின் காத்திருப்பும் வழியில்லாதவனின் காத்திருப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இருவரும் ஒரே டீயைக் குடித்துக்கொண்டு ஒரே நீரைப் பார்க்கிறார்கள். இந்த ஒற்றுமையை நம்பித்தான் நாம் 'படகில் எல்லோரும் சமம்' என்று எழுதுகிறோம்.

*

சமம்தானா என்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. எந்தத் துறையில் என்பது முக்கியமில்லை. அங்கே யாரும் தவறு செய்யவில்லை.

மாலை. வரிசையில் முதலில் ஒரு லாரி, செம்பாறைக் கல் பாரம். அடுத்து மூன்று சக்கர டெம்போ ஒன்று. பின்பக்கம் மீன் பெட்டிகள். ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் வயதானவர். மூன்றாவதாக எங்கள் வேன். படகு வந்தது. லாரியை வலப்பக்கம் ஏற்றினார்கள். படகு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. படகுக்காரர் டெம்போவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எங்களை நோக்கிக் கையசைத்தார். டெம்போவின் எடை போதாது. இடப்பக்கம் நிமிர வேண்டுமென்றால் வேன் வேண்டும். வேன் ஏறிய பிறகு இடம் இல்லை. தகடு மேலே ஏறியது.

அரை மணியில் திரும்பி வரும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நடு ஆற்றில் டிக்கெட் கொடுத்தவர் சொன்னார்: நீர் வற்றிக்கொண்டு போகிறது, இனி சாய்தளத்தில் வண்டி இறங்காது, இன்றைக்கு இதோடு சரி. சுற்றிப் போனால் மூன்று மணி நேரம். நான் கரையைப் பார்த்தேன். பெரியவர் டெம்போ பக்கத்தில் நின்றபடி ஒரு கையைத் தூக்கினார். எங்களை நிறுத்தச் சொன்னாரா, போய் வாருங்கள் என்றாரா, படகுக்காரரைத் திட்டினாரா, தெரியவில்லை. பிறகு கையை இறக்கிவிட்டு டெம்போவின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. மீன் அழுகியிருக்கலாம், அழுகாமலும் இருந்திருக்கலாம். இதைப் பெரிய சோகமாக்க நான் விரும்பவில்லை. சின்னதாக இருப்பதனாலேயே இது யோசிக்கத் தகுந்தது.

கரையில் ஒரு நீதி உண்டு: முன்னால் வந்தவன் முன்னால் போக வேண்டும். படகில் வேறொரு நீதி: கவிழக் கூடாது. முதலாவது மனிதர்களைப் பார்க்கிறது, இரண்டாவது எடையைப் பார்க்கிறது. இரண்டும் நியாயமானவை, இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதுக்கு அர்த்தமே கிடையாது. சார்த்தர் 1960இல் வெளியிட்ட 'இயங்கியல் அறிவின் விமர்சனம்' நூலில் பாரிஸ் நகரத்து பஸ் வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஆராய்கிறார். இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். சண்டையைத் தவிர்க்க ஆளுக்கொரு எண். அந்த எண்ணில் அவனவனுடைய தேவை, வயது, அவசரம் எதுவும் இல்லை. ஒருவருக்கொருவர் மாற்றாக வைக்கத்தக்க தனிமைகளின் தொடர் அது, கூட்டம் அல்ல. வரிசையைச் சமத்துவத்தின் உருவமாகக் கண்டு மகிழ்பவர்களுக்கு சார்த்தர் போடும் தடை இது. வரிசை நம்மைச் சமமாக்குவது நம்மை வெறும் எண்ணாக்குவதன் மூலம்தான்.

ஆனால் எங்கள் படகுத்துறை சார்த்தருடைய பஸ் நிறுத்தத்தை விட ஒரு படி மேலே போகிறது. இங்கே அந்த எண்ணும் செல்லுபடியாகவில்லை. எண்ணை மீறியது பணமோ சிபாரிசோ அல்ல, பௌதிகம். ஆகவே குறை சொல்ல யாரும் இல்லை. குறை சொல்ல யாருமில்லாத இடத்தில்தான் தார்மீகக் கேள்வி தன் உண்மையான முகத்தோடு வந்து நிற்கிறது. குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். தன் மீது எந்தத் தவறும் இல்லாமல் ஒரு குழந்தையின் மீது லாரியை ஏற்றிவிடுகிறவர். நாம் அவருக்கு ஆறுதல் சொல்வோம், 'உன் தப்பு இல்லை' என்போம். அது உண்மைதான். ஆனால் அவர் அதைக் கேட்டவுடனே சமாதானமாகிவிட்டால் நமக்கு அவர் மீது ஒரு சந்தேகம் வரும். பார்த்துக்கொண்டிருந்தவனின் வருத்தமும் அவருடைய வருத்தமும் ஒரே தன்மையாக இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். குற்றமில்லாத இடத்திலும் ஒரு கடன் உண்டு என்பதே வில்லியம்ஸ் காட்டும் இடம்.

எங்கள் விஷயம் அதை விட மங்கலானது. நாங்கள் எதையும் செய்யவில்லை. கூப்பிட்டார்கள், ஏறினோம். எங்கள் வேன் ஒரு எடையாகப் பயன்பட்டது. இருந்தும் பிற்பாடு யோசித்தபோது ஒன்று உறுத்தியது. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அவர் எங்களுக்கு முன்னால் வந்தவர்' என்ற ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படகுக்காரர் எடையைப் பற்றி விளக்கியிருப்பார். பெரியவரும் தலையசைத்திருப்பார். நாங்கள் ஏறியிருப்போம். அவர் கரையில்தான் இருந்திருப்பார். விளைவு ஒன்றும் மாறியிருக்காது. விளைவை வைத்தே ஒழுக்கத்தை அளக்கிறவர்கள் அந்த வார்த்தைக்கு மதிப்பு பூஜ்யம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வார்த்தை பேசப்பட்டிருந்தால் அவர் தம் இடத்தை விட்டுக்கொடுத்தவர் ஆகியிருப்பார். பேசப்படாததால் அவர் இடம் பறிபோனவர் ஆனார். ஒரே கரை, ஒரே உருகும் ஐஸ்; ஆனால் இரண்டு வேறு மனிதர்கள். அவரை எந்த மனிதராக விட்டுவிட்டுப் போவது என்பது எங்கள் கையில் இருந்தது. நாங்கள் அப்போது வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

படகுத்துறை ஒழுக்கப் பிரச்சினையின் இடம் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. அர்த்தசாஸ்திரத்தில் நாவத்யக்ஷன் என்ற அதிகாரிக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. யார் யார் கூலி இல்லாமல் கடக்கலாம் என்று பட்டியல் வருகிறது: பிராமணர், துறவி, குழந்தை, முதியவர், நோயாளி, கர்ப்பிணி, அரசாங்கத் தூதன். மனு, வண்டிக்கு இவ்வளவு, சுமைக்கு இவ்வளவு, வெறுங்கையோடு வருகிறவனுக்கு இவ்வளவு என்று கட்டணம் வகுக்கிறார். இந்தப் பட்டியலில் ஜாதியின் முத்திரை இருப்பதைக் காணாதது போல் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்து மனத்துக்கு ஒன்று தெரிந்திருந்தது: துறையில் நிற்பவன் வெறும் எண் அல்ல, வெறும் எடையும் அல்ல.

அர்த்தசாஸ்திரத்தின் அதே அத்தியாயத்தில் இன்னொரு விதி. போதிய ஆட்களோ கருவிகளோ இல்லாமல், பழுது பார்க்கப்படாமல், படகு மூழ்கினால் நஷ்டத்தை நாவத்யக்ஷன் ஈடு செய்ய வேண்டும். ஆற்றின் மீது பழி போடக் கூடாது.

இந்த விதியை ஸாவித்ரி ஆற்றோடு சேர்த்து யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஸாவித்ரி, கிருஷ்ணா பிறக்கும் அதே மகாபலேஷ்வரில் பிறப்பவள். கிருஷ்ணா கிழக்கே நீளமாகப் போய் வங்கக் கடலில் விழ, இவள் மேற்கே அவசரமாக இறங்கி அரபிக் கடலைச் சேருகிறாள். பாக்மண்ட்லாவில் நாங்கள் கடந்தது இவளுடைய வாயை. அங்கே, கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ஒரு பாலத்தின் தூண்கள் நீரில் நின்றன. எங்கள் படகு அவற்றைப் பார்த்தபடியே போயிற்று. கவிஞர் அவற்றை ஒரு இடிபாட்டைப் பார்ப்பது போல் பார்த்தார். வேன்காரர் பார்க்கவே இல்லை.

அதே ஆற்றில், மேலே, மஹாடுக்குப் பக்கத்தில் கோவா நெடுஞ்சாலையின் பழைய கல் வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் காலத்தது. பக்கத்திலேயே புதிய பாலம் ஒன்று கட்டப்பட்ட பிறகும், மும்பை போகும் வண்டிகள் பழையதில்தான் போய்க்கொண்டிருந்தன. 2016 ஆகஸ்ட் 2 இரவு, மழை, வெள்ளம். பாலத்தின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு அரசு பஸ்களும் ஒரு காரும் இருட்டில் வந்து ஆற்றில் விழுந்தன. சுமார் 40 பேர் இறந்தனர். சில உடல்கள் கழிமுகம் தாண்டிக் கடற்கரை வரை போய்க் கிடைத்தன. அந்த ஆண்டு மே மாதம் பாலம் பரிசோதிக்கப்பட்டிருந்ததாக அரசாங்கம் சொன்னது. அந்த இரண்டு பஸ்களில் ஒன்று ராஜாப்பூரிலிருந்து வந்தது. மற்றொன்று ஜெய்கட்டிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தது; எங்களுடைய கடைசிக் கடவையின் அக்கரையிலிருந்து.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, படகே மேல் என்று முடிக்க நான் வரவில்லை. அப்படி முடிப்பது, இறந்தவர்களை வைத்து நம் ரஸனைக்குச் சாட்சி தேடுவதாகும். படகுகளும் கவிழ்ந்திருக்கின்றன. வேன்காரருக்குப் பாலம் வேண்டும். டெம்போப் பெரியவருக்கும் வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. நான் சொல்ல வருவது வேறு.

படகில் ஏறுகிறவன் நீரைப் பார்க்கிறான், படகுக்காரரின் முகத்தைப் பார்க்கிறான், பிறகு ஏறுகிறான். மழை மிஞ்சினால் படகு வராது. 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல ஒரு ஆள் அங்கே நிற்கிறார். பாலம் என்பது அந்த ஆளை எடுத்துவிட்டு அவருடைய இடத்தில் ஒரு வாக்குறுதியை வைப்பது. ராத்திரியும் போகலாம், மழையிலும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த வாக்குறுதி மகத்தானது. நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். ஆனால் வாக்குறுதிக்கு முகம் கிடையாது. அதைக் கொடுத்தது யார்? கட்டியவன் போய்விட்டான். பரிசோதித்தவன் கையெழுத்தாகக் கோப்பில் இருக்கிறான். இரவில் பாலத்தின் மீது ஏறும் பஸ் ஓட்டுநர் முகமற்ற ஒரு நம்பிக்கையின் மேல் ஏறுகிறார். படகுக்காரரின் பொறுப்பு பாலத்தில் மறைந்துவிடுவதில்லை. பல துண்டுகளாகிப் பல மேஜைகளில் விழுந்துவிடுகிறது. எந்தத் துண்டும் தன்னளவில் பொறுப்பு போலத் தோன்றாத அளவுக்குச் சின்னதாகிவிடுகிறது. அர்த்தசாஸ்திரக்காரர் ஒரே ஆளைப் பிடித்தார். நம்மால் அது முடியவில்லை.

விழுந்த பாலத்துக்குப் பதில் புதுப் பாலம் சுமார் பத்து மாதத்தில், 2017 ஜூனில், திறக்கப்பட்டது. அதே ஆற்றின் வாயில் தூண்கள் தூண்களாகவே நின்றன. முடியாது என்பதல்ல காரணம் என்று இதிலிருந்து தெரிகிறது. நெடுஞ்சாலை தொலைதூரம் போகிறவர்களுக்கானது. அது அறுந்தால் மும்பைக்குத் தெரியும். கழிமுகம் அங்கே இருக்கிறவர்களுக்கானது. அவர்கள் கரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டெம்போவின் எடை போதவில்லை. படகுக்காரர் கண்ணால் போட்ட கணக்கையே அரசாங்கங்கள் காகிதத்தில் போடுகின்றன. ஒரு வித்தியாசம். படகுக்காரருக்கு வேறு வழியில்லை, படகு கவிழும்.

*

2016இன் அந்த இரவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியவற்றில் ஒரு செய்தி எனக்கு மறக்கவில்லை. பாலத்துக்கு அருகே ஒரு மோட்டார் பட்டறையில் இருந்த ஒருவர், பாலத்தின் மீது ஏறிய வண்டியின் விளக்கு வெளிச்சம் சட்டென்று இல்லாமல் போனதைப் பார்த்தார். மழையில் ஓடிப்போய்ச் சாலையில் நின்று பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தினார். அதிகாரிகளுக்குச் செய்தி சொன்னார். அவர் பாலத்துக்குப் பொறுப்பாளி அல்ல. எந்த மேஜையிலும் அவருக்கு ஒரு துண்டு கொடுக்கப்படவில்லை. வெளிச்சம் அக்கரையில் வரவில்லை என்பதைக் கவனித்தார். அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு, படகில்லாத அந்தத் துறைக்கு, அவர் படகுக்காரர் ஆனார். 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல அங்கே மறுபடியும் ஒரு ஆள் நின்றார்.

கவனித்தல் என்றால் என்ன என்று நாம் இலக்கியத்தில் எவ்வளவோ பேசிவிட்டோம். படகுத்துறையில் நாங்களும் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம். நீரின் நிறம், பறவைகள், செம்பாறைக் கல்லின் ஈரம். எங்கள் கவனம் முன்னால் இருந்த காட்சியில் இருந்தது. பட்டறைக்காரருடைய கவனம் தமக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போய்ச் சேர்ந்தாரா என்பதில் இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது சரியா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. முதல் வகைக் கவனத்தில் நாம் தேர்ந்தவர்கள். அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னால் முடியவும் முடியாது. ஆனால் அதுவே ஒழுக்கம் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாலைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ரத்னகிரியிலிருந்து திரும்பும்போது நேரமில்லை. நெடுஞ்சாலையில் வந்தோம். மஹாடில் புதுப் பாலம் வந்ததும் போனதும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பாலம் கட்டுகிறோம், அதில் குறையில்லை. நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. வெயில் கண்ணாடியில் பட்டு, ஓட்டுகிறவரின் முகம் தெரியவில்லை. அது பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.